நாலு மணிக்கு வரவேண்டிய படை

எனக்குப் பிறகு மண்டபத்தைப் பொறுப்பெடுத்த மெற்ற போன கிழமை தொலைபேசியில் அழைத்தாள். இலையுதிர்காலப் பயிற்சிக்கு நேச நாட்டுப் படைகள் மறுபடியும் எங்கள் பக்கம் வருகின்றனவாம். அவர்களில் ஒரு பகுதியினர் மண்டபத்தில்தான் படுக்கப் போகிறார்கள். போன முறை நான் அந்த அலுவலை மறக்கவே முடியாதபடி செய்தேன் என்று பிரேபன் சொன்னாராம். தனக்கும் ஏதாவது சொல்லித் தர முடியுமா என்று கேட்டாள். பிரேபன் என் பழைய மேலாளர். பொய் சொல்லவே மாட்டார். ஆனால் உண்மையை எப்போதும் இப்படித்தான் சொல்லுவார்.

வருகிறவர்களுக்குச் சரியான நேரத்தைச் சொல்லு, வேறொன்றும் வேண்டாம் என்றேன். அது யாருக்கும் தெரிந்ததுதானே என்று மெற்ற சிரித்தாள். தெரிந்திருந்தால் நான் ஏன் உட்கார்ந்து இதை எழுதப் போகிறேன்?

தொலைக்காட்சியைத் திறந்தால் இப்போது இதே கதைதான். அந்நிய நாட்டுப் படை டென்மார்க் மண்ணில் இருக்கலாமா, இருந்தால் யாருடைய சட்டத்துக்குக் கட்டுப்படும், ஐரோப்பிய நாடுகள் ஒன்றையொன்று காக்கத்தான் போகின்றனவா, அல்லது கையொப்பத்தோடு சரியா என்று கோட் போட்டவர்கள் இரவிரவாக வாதாடுகிறார்கள். நான் தேநீரோடு இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எல்லோரும் நன்றாகத்தான் கதைக்கிறார்கள். ஆனால் அந்தப் படைக்குக் கதவு திறந்துவிடுகிற வேலை அவர்களில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்தது.

எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து இறங்கினேன். முதலில் பன்றி இறைச்சித் தொழிற்சாலை. விரதத்துக்கு விரதம் மரக்கறி சாப்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவன் பன்றித் தொடையைப் பிரித்துக்கொண்டு நின்றேன். முதுகு போனபோது கொம்யூன், அதாவது எங்கள் நகரசபை, என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. தரை கழுவும் இயந்திரம், தீயணைப்புக் கதவுகள், காற்றோட்டக் குழாய்கள், கோபக்காரத் தாய்மாரைச் சமாளிப்பது எல்லாம் படிப்பித்தார்கள். படிப்பு முடிந்ததும் ஸ்கீவ என்ற நகரத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் உள்ள ஒரு சிற்றூரின் விளையாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பாளர் ஆனேன். அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

பிரேபனைப் பற்றிச் சொல்லாமல் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆள் நெட்டை. கதவு நிலைகளுக்குப் பயந்து எப்போதும் கொஞ்சம் குனிந்தே நடப்பார். அத்தனை வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரணப் பிழை என்றால், "அதை ஒருமுறை பார்க்கவேண்டும்" என்பார். பெரிய பிழை என்றால், "சுவாரசியமாக இருக்கிறது" என்பார். மன்னிக்க முடியாத பிழை என்றால் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் எனக்கும் சேர்த்துக் கோப்பி போட்டுக்கொண்டு வருவார். அந்தக் கோப்பியை நான் மிகச் சில தடவைதான் குடித்திருக்கிறேன். ஒவ்வொரு மிடறும் நினைவிருக்கிறது.

திறப்பு விஷயத்தில் மட்டும் அவர் கடுமை. மண்டபத்தின் திறப்பை, அந்தச் சாவிக் கோர்வையை, மேசையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது, ஆளின் கையில்தான் கொடுக்கவேண்டும், கொடுக்கும்போது அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவேண்டும். வாங்குகிறவன் யாராக இருந்தாலும் சரி, கொடுக்கிற வரைக்கும் மண்டபம் உன்னுடையது என்பார். அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

என்னுடைய பங்குக்கு நானும் ஒரு முறை வைத்திருந்தேன். அதை எந்தப் பயிற்சியிலும் படிப்பிக்கமாட்டார்கள். டெனிஷ்காரருக்கு மண்டபம் கொடுத்தால் உண்மையான நேரத்தைச் சொல்லுவேன். பத்து மணி என்றால் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்து வெளியே குளிரில் நின்று, பத்தானதும் கதவைத் தட்டுகிற சனம். எங்கள் ஆட்களுக்கு இரண்டு மணிநேரத்தைக் கழித்துச் சொல்லுவேன். வாணிவிழா நாலு மணிக்கு என்றால் இரண்டு மணிக்கு வரச் சொல்லுவேன். அவர்கள் சாவகாசமாகச் சேலை மாற்றி, பிள்ளையைத் திட்டி, பாதி வழியில் திரும்பிப்போய் மறந்த பொருளை எடுத்துக்கொண்டு சரியாக நாலு மணிக்கு வந்து, "பிந்திப் போச்சு, குறை நினைக்காதேங்கோ" என்பார்கள். குறை நினைக்கமாட்டேன். இந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

நான் பொறுப்பில் இருந்த காலத்தில் ஒரு கோடைமுடிவில்தான் முதல்முறையாகப் படைகள் வரப்போகின்றன என்ற செய்தி வந்தது. நேச நாடுகளின் கூட்டுப் பயிற்சி. எங்கள் ஊரில் ஒரு தெற்கு ஐரோப்பிய நாட்டின் அணி சில நாள் தங்கும். அது சரிவந்தால் வருடாவருடம் வரும். இதைப் பற்றி ஊர்க்கூட்டம் வைத்தார்கள், அதுவும் என் மண்டபத்தில். கதிரைகளை நான் ஒரே தொகுதியாகத்தான் அடுக்கினேன். கூட்டம் தொடங்குவதற்குள் சனம் கதிரைகளை இழுத்து இழுத்து நடுவில் ஒரு பாதை விழுந்துவிட்டது. இடப்பக்கம் படை வேண்டாம் என்பவர்கள், வலப்பக்கம் வேண்டும் என்பவர்கள். பாதையின் நடுவில் பிரேபன் கோப்பிக் குடுவையோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடுவது என் வேலை. வேண்டாம் பக்கத்துக்குத் தலைவி கியர்ஸ்டன். ஓய்வுபெற்ற ஆசிரியை. அகதிகள் வந்த காலத்தில் எனக்கு டெனிஷ் படிப்பித்தவர், ஊரில் எனக்கு முதன்முதல் கம்பளிச் சட்டை தந்தவரும் அவர்தான். அந்நியப் படைவீரன் இங்கே குற்றம் செய்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர் வாளியோடு வரும்போது கடவுச்சீட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பாயா என்று வலப்பக்கத்தில் ஒரு முதியவர் கேட்டார். அதுவும் நல்ல கேள்வி. படை தங்கும் நாட்களில் பிள்ளைகளின் கைப்பந்துப் பயிற்சி எங்கே நடக்கும் என்று ஒரு தாய் கேட்டாள். இரு பக்கமும் சேர்ந்து கைதட்டியது அந்தக் கேள்விக்கு மட்டும்தான்.

அப்போது கியர்ஸ்டன் என்னைப் பார்த்து, ராஜா, நீ போரைப் பார்த்தவன், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டார். முழு மண்டபமும் திரும்பியது. இரவு முழுக்க ஒலிவாங்கியை மற்றவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு அதைக் கைமாற்ற ஆள் இல்லாமல் போயிற்று.

நினைத்ததைச் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊருக்கும் ஒருமுறை அயல்நாட்டுப் படை விருந்தாளியாக வந்தது. வீதியில் வரிசையாக நின்று மாலை போட்டோம். நானும் போட்டேன். பிறகு நடந்தவை ஒலிவாங்கியில் சொல்லக்கூடியவை அல்ல. சொந்த நாட்டுப் படையைப் பற்றிச் சொல்லப் புறப்பட்டால் விடிந்துவிடும். அதனால் வாயில் வந்ததைக் கேட்டேன். "அவர்கள் சப்பாத்தோடு தரையில் ஏறுவார்களா?"

மண்டபம் சிரித்துத் தீர்த்தது. மறுநாள் ஊர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. அந்நியக் காலணி நம் மண்ணை மிதிப்பதை நான் ஆழமாகக் கண்டித்திருக்கிறேன் என்று படை வேண்டாம் என்ற சமாதானக்காரர் பாராட்டினார்கள். ஆட்சேபனை இல்லை, ஒழுங்கு மட்டும் வேண்டும் என்ற நடைமுறை அறிவு எனக்கு இருக்கிறது என்று மற்றப் பக்கத்தார் பாராட்டினார்கள். இரு பக்கமும் என்னைக் கோப்பிக்கு அழைத்தது. நான் கேட்டது தரையைப் பற்றி. அந்தக் கோடையில்தான் புதிதாக மெருகு பூசியிருந்தோம். டெனிஷ் படையின் தொடர்பு அதிகாரியான மேஜர், எல்லோரும் விளையாட்டுச் சப்பாத்து கொண்டுவருவார்கள் என்று வாக்குக் கொடுத்ததும் எனக்கு அந்தப் படையோடு இருந்த பிணக்குத் தீர்ந்தது.

அடுத்த கிழமை பிரேபன் அழைத்து, சுவாரசியமான ஒரு விஷயம் இருக்கிறது என்றார். நான் செய்த பிழைகளை மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பயிற்சித் திகதியை மாற்றிவிட்டார்கள். படை வருவது சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் கல்யாணம். சிவத்தின் மகள் கல்யாணம்.

சிவம் என்னோடு பன்றித் தொழிற்சாலையில் நின்றவன். ஒரே மகள், ஆஸ்பத்திரியில் தாதி. தாய் இறந்தபிறகு தனியாக வளர்த்தான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் விமானத்துக்குக் காசு கட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை ஜெர்மனி. கல்யாணத்தை ஒரு கிழமை தள்ள முடியாதா என்று பிரேபன் பணிவாகக் கேட்டார். நேரம் பார்த்து வைத்தது, தள்ள முடியாது என்றேன். அந்த நேரத்தைத் தீர்மானித்தவர்களோடு கொம்யூன் தொடர்புகொண்டு பேசலாமே என்றார். அவர்கள் ஒன்பது பேர், ஒருவருக்கும் மின்னஞ்சல் கிடையாது என்றேன். பிரேபன் நாட்காட்டியை மூடினார். பிறகு எழுந்துபோய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கோப்பி முடியும்போது ஓர் ஒழுங்குக்கு வந்திருந்தோம். முகூர்த்தம் பன்னிரண்டுக்கும் ஒன்றேகாலுக்கும் இடையில். சாப்பாடு, படம் எடுப்பு எல்லாம் முடித்து மூன்று மணிக்குக் கல்யாணம் வெளியேறவேண்டும். நாலு மணிக்குப் படை உள்ளே வரவேண்டும். மேயரும் வாத்தியக் குழுவும் நாலு மணிக்கு வரவேற்பார்கள். ஒரு நிமிடம் பிசகினாலும் அடுத்த வருடத்திலிருந்து எங்கள் ஆட்களுக்கு மண்டபம் கொடுப்பதை ஒருமுறை பார்க்கவேண்டி வரும் என்றார் பிரேபன். சிவத்துக்கு நானும் வாக்குக் கொடுத்தேன். மகளின் கல்யாணம் என் பொறுப்பு என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்.

மேஜருக்கு நேரம் அறிவிக்கவேண்டியவன் நான். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. இந்தப் படை எந்த வகை? டெனிஷ்காரர் இல்லை. தெற்கிலிருந்து வருகிறார்கள், வெயில் நாடு. உள்ளியும் வெங்காயமும் தாராளமாகச் சாப்பிடுகிற சனம். மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். மாமன் மச்சான் என்று குடும்பமாக வாழ்கிறவர்கள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் நாங்கள்தான். நாலு மணி என்று சொன்னால் ஆறு மணிக்குத்தான் வருவார்கள். மேயர் வாத்தியக் குழுவோடு இரண்டு மணிநேரம் நிற்கவேண்டும். ஆகவே மேஜரிடம் இரண்டு மணி என்றேன். மேஜர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை விடியவே சமாதானக்காரர் வாசலில் கூடிவிட்டார்கள். மடக்குக் கதிரை, குடுவை, கேக் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் வந்ததைக் கேள்விப்பட்டு மற்றப் பக்கத்தாரும் சின்னச் சின்னக் கொடிகளோடு வந்து எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள். கல்யாண நேரத்தில் சத்தம் போடமாட்டோம், படை வரும்போதுதான் பதாகையைத் தூக்குவோம் என்று கியர்ஸ்டன் எனக்கு உறுதி சொல்லி ஒரு துண்டு கேக்கும் தந்தார். உள்ளே மணவறை கட்டி முடிந்திருந்தது. ஐயருக்குப் பின்னேரம் இன்னொரு ஊரில் இன்னொரு வேலை இருந்ததால் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே வந்து வைல என்ற ஊரில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தார்கள். சனிக்கிழமை ஒன்பது தொடக்கம் பத்தரை வரை ராகுகாலம். அது கழிந்தபிறகுதான் மாப்பிள்ளை தலைப்பாகையோடு படி இறங்கவேண்டும். கொஞ்சம் முன்னதாக இறங்கச் சொல்லி நான் கேட்டதற்கு, மண்டபக் கணக்கை நீங்கள் பாருங்கோ, எங்கள் கணக்கை நாங்கள் பார்க்கிறோம் என்று மாமன் சொல்லிவிட்டார். பத்தரைக்குப் புறப்பட்டால் பன்னிரண்டுக்கு முன்னம் வந்துவிடலாம். தாலியும் கூறைச் சேலையும் அவர்களோடு. அவர்கள் வராமல் இங்கே யாரும் எதுவும் செய்ய முடியாது.

பதினொன்றரைக்குச் சிவம் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணை, மாப்பிள்ளையாக்கள் ஆமி வாகனங்களுக்குப் பின்னால மாட்டுப்பட்டுப் போச்சினம். ஒற்றை வழி றோட்டாம். முந்தி வர ஏலாதாம்."

எந்த ஆமி என்று கேட்கத் தேவையில்லாமல் எனக்கு விளங்கிவிட்டது. மேஜரை அழைத்தேன். உங்கள் படை இந்த நேரத்தில் வீதியில் என்ன செய்கிறது, நான் இரண்டு மணி என்றல்லவா சொன்னேன் என்று கேட்டேன். ஓம், நீ இரண்டு மணி என்றுதான் சொன்னாய் என்றார் மேஜர். ஆனால் அந்த நாட்டாரோடு தான் வெளிநாடுகளில் வேலை செய்தவராம். அவர்கள் எப்போதும் இரண்டு மணிநேரம் பிந்துவார்களாம். அதனால் பன்னிரண்டு என்று சொல்லி வைத்தாராம். உண்மையான நேரம் நாலு மணி, நானும் அதே காரணத்துக்காகத்தான் இரண்டு என்று சொன்னேன் என்றேன். மறுமுனையில் மேஜர் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

பின்னர் தெரிந்த விஷயம் ஒன்று. டெனிஷ்காரர் நேரத்தில் மிகக் கண்டிப்பானவர்கள், ஒரு நிமிடமும் பிந்தக்கூடாது என்று அந்த அணியின் கப்டனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். பாவம், இரவெல்லாம் வண்டி ஓட்டிச் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்து சேரும்படி வந்துகொண்டிருந்தார்கள். கூட்டுப் பாதுகாப்பு என்று தொலைக்காட்சியில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வாகனத் தொடரை நிறுத்த முடியாது என்றார் மேஜர். நிறுத்தினால் காரணம் எழுதவேண்டும், கல்யாணம் என்று எழுத அதில் இடமில்லையாம். நான் கெஞ்சினேன். தாலி அந்தக் காரில் இருக்கிறது, ஒன்றேகாலுக்குப் பிறகு அது வெறும் சங்கிலி என்றேன். மேஜருக்கு அது விளங்கியதோ தெரியாது, ஆனால் என் குரல் விளங்கியிருக்கவேண்டும். முன்னால் போகிற பொலிஸ் மோட்டார் சைக்கிள்காரனோடு பேசி, எதிரே வரும் வண்டிகளை மறித்து, மாப்பிள்ளையின் காரையும் இரண்டு வான்களையும் முன்னுக்கு விடச் செய்தார். அதுவரை எல்லாம் சரி. ஆனால் முன்னுக்கு வந்த மூன்று வண்டிகளையும் ஏதோ பெரிய இடத்து ஆட்கள் என்று எண்ணிக்கொண்ட பொலிஸ்காரன் விளக்கைப் போட்டுக்கொண்டு அவற்றுக்கு முன்னால் ஊர்வரைக்கும் வழிகாட்டி வந்தான். படை வண்டிகள் பின்னால் ஒழுங்காகத் தொடர்ந்தன.

ஆகவே எங்கள் வாசலில் இருந்தவர்கள் கண்டது இதுதான். முதலில் நீல விளக்கோடு பொலிஸ். அடுத்தது கறுத்த பென்ஸ். அதன் பின்னால் இரண்டு வான்கள், பிறகு கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குப் பச்சை லொறிகள். படைத் தளபதிதான் வருகிறார் என்று யாரும் நினைப்பார்கள். கொடிக்காரர் கொடியை ஆட்டி ஆரவாரித்தார்கள். கியர்ஸ்டனின் ஆட்கள் எல்லோரும் ஒன்றாகப் பதாகையைத் தூக்கினார்கள். கார் நின்றது. கதவு திறந்தது. பட்டு வேட்டியும் தலைப்பாகையும் கழுத்தில் மாலையுமாக மாப்பிள்ளை இறங்கினார். அவருக்கு நேர் எதிரே, என் பழைய ஆசிரியையின் கையில், சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: வீட்டுக்குப் போ.

ஆரவாரம் நின்றது. கொடிகளும் நின்றன. கியர்ஸ்டனின் முகத்தை அப்படி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்க அகதிகளுக்கு வாருங்கள் வாருங்கள் என்று சொன்ன மனுசி.

மாப்பிள்ளை ஜெர்மனியில் பிறந்த பிள்ளை, சிரித்துவிட்டார். ஆனால் காருக்குள் இருந்த மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. இறங்கவும் இல்லை. மடியில் கூறைத் தட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்களைத் திரும்பிப் போகச் சொல்லி எழுதிப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். சம்பந்தி வீட்டு மரியாதை இதுதானோ?" என்று என்னிடம் கேட்டார்.

அது ஆமிக்கு எழுதியது அக்கா என்றேன். ஆமிக்கு எழுதியதை ஏன் கல்யாண வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்றார். சிவம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். உள்ளே ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது பார்க்காமலே தெரிந்தது. பன்னிரண்டு தாண்டிவிட்டது.

என்ன பிரச்சினை என்று கியர்ஸ்டன் கேட்டார், சொன்னேன். அவர் பதாகையைக் கீழே போட்டுவிட்டுக் காரடிக்கு வந்தார். குனிந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்தார். எங்களைப் படிப்பித்த காலத்தில் எங்களிடமிருந்து அவர் கற்றது ஒரேயொரு தமிழ்ச் சொல்.

"வாங்கோ" என்றார். அழுதுகொண்டே மறுபடியும், "வாங்கோ, வாங்கோ."

வெள்ளைக்காரி அழுகிறதைக் கண்டு மாப்பிள்ளையின் தாய் குழம்பிவிட்டார். அழுகிறவளை அப்படியே விட்டுவிட்டுக் காருக்குள் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, தட்டத்தை மாப்பிள்ளைத் தோழனிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். இறங்கினவர் கியர்ஸ்டனின் கையை விடவில்லை. அப்படியே உள்ளே கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் தனக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார். ஒன்றேகாலுக்குச் சில நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியது. சிவம் விம்மி அழுதான். நானும் அழுதேன், மண்டபப் பொறுப்பாளர் அழக்கூடாது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு மேயர் வாத்தியக் குழுவோடு வந்தபோது படை மூலைக்கு மூலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. வாத்தியக் குழு சத்தமில்லாமல் திரும்பிப் போயிற்று. பிரேபன் ஒன்றும் சொல்லாமல் எனக்குக் கோப்பி கொண்டுவந்தார். இவையெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதைகள். அந்த வருடம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் எழுத வந்தது அதற்கு முன்னால் நடந்த ஒன்றை. அதை யாரும் கவனிக்கவில்லை.

தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கிய நேரம். மண்டப வாசலுக்கு வந்து நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அதுவரை லொறிகளில் காத்திருந்த படையினர் முற்றத்தில் பொதிகளோடு வரிசையாக நின்றார்கள். தோளில் துவக்குகள். எல்லாம் சின்னப் பெடியங்கள், முகத்தில் நித்திரை. கப்டன் வந்து படிக்குக் கீழே நின்று தொப்பியைக் கழற்றினார்.

"உள்ளே வரலாமா, ஐயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

யாரைக் கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. என்னைத்தான் கேட்டார்.

என் காலத்தில் படைக்காரர் நுழைந்த வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கோயில்களையும் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள், ஒரு தரம் இல்லை. கொடி வேறு வேறு, மொழி வேறு வேறு. உள்ளே வரலாமா என்று ஒருவனும் கேட்டதில்லை. அப்போது எனக்குள் வந்தது கோபமா சந்தோஷமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இல்லை" என்றேன். "ஆட்கள் சாப்பிடுகிறார்கள். நில்லுங்கள்."

கப்டன் தலையை ஆட்டினார். திரும்பிப்போய்த் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் பொதிகளை இறக்கி வைத்துவிட்டு அந்தத் தூறலில் அப்படியே நின்றார்கள்.

கடைசிப் பந்தி நடக்கும்போது என்னைத் தேடிக்கொண்டு சிவம் வெளியே வந்தான். கையில் எனக்கென்று ஒரு கிண்ணம் பாயசம். முற்றத்தைக் கண்டதும் அவனுடைய கால் நின்றுவிட்டது. முன்னொரு நாள் ஊரில் அவன் இப்படித்தான் தன் வீட்டு வாசலில் நின்றான். படைக்காரர் அவனைத் தள்ளி விழுத்திவிட்டு உள்ளே போய் அவனுடைய தம்பியைக் கொண்டுபோனார்கள். தம்பி திரும்பவில்லை. தொழிற்சாலையில் பக்கத்தில் நின்ற அத்தனை காலத்தில் இதை ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சொன்னான்.

"என்ன செய்யிறாங்கள், அண்ணை?" என்று மெல்லக் கேட்டான்.

"நிக்கிறாங்கள்."

"ஏன் நிக்கிறாங்கள்?"

"நான் நிக்கச் சொன்னனான்."

என்னைப் பார்த்தான். பிறகு அவர்களைப் பார்த்தான். துவக்குகளைப் பார்த்தான். என் கையில் இருந்த திறப்புக் கோர்வையைப் பார்த்தான். பாயசத்தை என்னிடம் தந்துவிட்டுப் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலின் மற்றப் பக்கத்தில் போய் நின்றான். உள்ளே கடைசிப் பந்தி எழும்பிக்கொண்டிருந்தது, கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. இனி விடலாமா என்பதுபோல அவனைப் பார்த்தேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றான் சிவம். "இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் நிக்கட்டும்."

நின்றார்கள்.